குளியலறைத் திரையில் பிறந்த நிம்மதி: மரியன் டொனோவனின் வாழ்க்கை



வீட்டில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளையும், அதற்குப் பின்னால் இருக்கும் ஒருவரின் வாழ்க்கையையும் இந்தப் பகுதியில் பார்த்து வருகிறோம். இந்த முறை எடுத்துக்கொண்டிருப்பது குழந்தைகளுக்குப் போடும் டயப்பர். காரணம் இருக்கிறது. நம் குடியிருப்பில் கைக்குழந்தைகள் உள்ள வீடுகள் கூடியிருக்கின்றன. மாலையில் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு அடிபடாத நாளில்லை. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியே நாலு பிள்ளைகளை வளர்த்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இளம் தாய்மார்கள் பதில் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவார்கள். டயப்பர் என்பது சோம்பேறித்தனத்துக்கு வந்த வசதி என்ற எண்ணம் அந்தப் பேச்சின் அடியில் இருக்கிறது. சொல்பவர்களும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை; தாங்கள் பட்ட பாட்டை யாரும் கண்டுகொள்ளவில்லையே என்ற ஆதங்கமும் அதில் உண்டு.

இந்தப் பேச்சு நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எழுபது வருடங்களுக்கு முன்பே அமெரிக்காவில் ஒரு தாய் இதைச் சந்தித்தார். அவரிடம் இதைச் சொன்னவர்கள் மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல. பெரிய பெரிய கம்பெனிகளின் அதிகாரிகள். அவர் பெயர் மரியன் டொனோவன்.

லேத் பட்டறையில் வளர்ந்த பெண்

மரியன் 1917ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் ஓப்ரையன். அவருடைய அப்பா மைல்ஸும் பெரியப்பா-சித்தப்பா முறையில் வரும் ஜானும் இரட்டைப் பிறவிகள். இருவரும் சேர்ந்து சௌத் பெண்ட் என்ற ஊரில் லேத் இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையை 1906இல் தொடங்கி நடத்தி வந்தார்கள். சௌத் பெண்ட் லேத் என்றால் அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்.

மரியனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா இறந்துபோனார். பள்ளி விட்டதும் அந்தச் சிறுமிக்கு அப்பாவின் தொழிற்சாலைதான் போக்கிடம். இரும்பு கடைவதையும், அளவு பிசகினால் திரும்பக் கடைவதையும் பார்த்தே வளர்ந்தாள். ஒரு பொருள் சரியாக இல்லையென்றால் சலித்துக்கொள்வதை விட்டுவிட்டு மாற்றிச் செய்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் வந்தது. சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பாவின் துணையோடு புது வகைப் பற்பொடி ஒன்றைக் கலந்து செய்தாள்.

படித்தது என்னவோ பொறியியல் அல்ல. பென்சில்வேனியாவில் உள்ள ரோஸ்மாண்ட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1939இல் பட்டம் பெற்றார். பிறகு நியூயார்க்கில் வோக் என்ற புகழ்பெற்ற பெண்கள் பத்திரிகையில் அழகுக் குறிப்புப் பகுதியின் உதவி ஆசிரியர் வேலை. தோல் இறக்குமதி வியாபாரம் செய்துவந்த ஜேம்ஸ் டொனோவனைத் திருமணம் செய்துகொண்டபின் வேலையை விட்டார். குடும்பம் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் குடியேறியது. குழந்தைகள் பிறந்தார்கள்.

ஈரத் துணியும் ரப்பர் ஜட்டியும்

அன்றைக்கு அமெரிக்க வீடுகளிலும் குழந்தைக்குத் துணிதான். பருத்தித் துணியை மடித்து, இடுப்பில் சுற்றி, ஊக்கு குத்தி விடுவார்கள். குழந்தை ஒருமுறை நனைத்தால் துணி மட்டும் நனையாது. சட்டை, விரிப்பு, போர்வை எல்லாம் நனையும். நடு இரவில் எழுந்து அத்தனையையும் மாற்ற வேண்டும். காலையில் துவைத்துக் காயப்போட வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறைகூட மாற்ற வேண்டியிருக்கும் என்பது நம் வீட்டுத் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துணி கசியாமல் இருக்க அதற்கு மேல் ரப்பர் ஜட்டி போடும் வழக்கமும் இருந்தது. விரிப்பு தப்பியது, குழந்தை தப்பவில்லை. ரப்பர் காற்றை உள்ளே விடாது. வெப்பமும் ஈரமும் உள்ளேயே தங்கித் தோல் சிவந்து தடித்துப்போகும். தொடையில் இறுக்கமான பட்டை பதிந்து தழும்பாகும். ஊக்கு கழன்று குத்திவிடுமோ என்ற பயம் வேறு.

இரண்டாவது குழந்தையோடு மரியன் பட்ட பாடு இதுதான். எல்லாத் தாய்மார்களும் பட்டார்கள். மரியன் லேத் பட்டறையில் வளர்ந்தவர் என்பதால் இதையும் மாற்றிச் செய்து பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

தையல் மெஷினும் குளியலறைத் திரையும்

1946இல் ஒருநாள் தன் வீட்டுக் குளியலறையில் தொங்கிய நீர்புகாத் திரையைக் கழற்றி, கத்தரித்து, தையல் மெஷினில் வைத்தார். துணி லங்கோட்டுக்கு மேல் போடக்கூடிய ஓர் உறை. உள்ளே துணி வைத்துக்கொள்ளலாம், வெளியே கசியாது. முதல் முயற்சி சரியாக வரவில்லை. இன்னொரு திரை, அதற்குப் பிறகு இன்னொன்று. ஏறத்தாழ மூன்று வருடங்கள் திரும்பத் திரும்பத் தைத்துப் பார்த்தார்.

இறுதியில் திரைத் துணியை விட்டுவிட்டு, பாராசூட் தைக்கப் பயன்படும் நைலான் துணிக்கு மாறினார். மெல்லியது, ஈரம் வெளியே வராது, ரப்பரைப் போல் குழந்தையின் தோலைப் புழுங்க வைக்காது. ஊக்கை எடுத்துவிட்டுப் பிரஸ் பட்டன் வைத்தார். குழந்தை வளர வளர அளவைக் கூட்டிக் குறைக்கவும் முடிந்தது. விரித்து வைத்தால் படகு மாதிரி இருந்ததால் படகு என்ற பொருள் வரும்படி போட்டர் என்று பெயர் வைத்தார்.

பொருளை எடுத்துக்கொண்டு தயாரிப்பாளர்களிடம் போனார். ஒருவரும் வாங்கவில்லை. பெண்கள் யாரும் இப்படி ஒன்றைக் கேட்கவில்லையே, இருப்பதை வைத்துச் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்பதே பதிலாக வந்தது. மரியன் பின்வாங்கவில்லை. தானே தயாரித்து விற்க இறங்கினார். 1949இல் நியூயார்க்கின் சாக்ஸ் ஃபிப்த் அவென்யூ என்ற பெரிய கடையில் போட்டர் விற்பனைக்கு வந்தது. யாரும் கேட்கவில்லை என்று சொல்லப்பட்ட பொருளைத் தாய்மார்கள் தேடி வந்து வாங்கினார்கள். 1951இல் காப்புரிமைகள் கிடைத்தன. அதே ஆண்டில் நிறுவனத்தையும் உரிமைகளையும் கேகோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

காகித டயப்பர்: கதவு திறக்கவில்லை

போட்டர் விரிப்பைக் காப்பாற்றியது. ஆனால் உள்ளே இருக்கும் துணியைத் துவைக்கும் வேலை அப்படியேதான் இருந்தது. அதையும் நீக்க முடியுமா என்று மரியன் அடுத்து யோசித்தார். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடக்கூடிய காகித டயப்பர் ஒன்றைத் திட்டமிட்டார். சாதாரணக் காகிதம் நனைந்தால் கிழியும். ஈரத்தைக் குழந்தையின் தோலோடு ஒட்டியே வைத்திருக்கும். கிழியாமலும் இருக்க வேண்டும், ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி உள்ளே இழுத்துக்கொள்ளவும் வேண்டும். அப்படிப்பட்ட காகிதத்தை வைத்துச் சோதனைகள் செய்தார்.

அதைப் பெரிய அளவில் தயாரிக்கக் காகித ஆலைகள் வேண்டும். நாடு முழுக்க அலைந்து கம்பெனி அதிகாரிகளைச் சந்தித்தார். அவர்களுக்கு அது தேவையற்றதாகவும் நடைமுறைக்கு ஒவ்வாததாகவும் பட்டது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஆண்கள். நடு இரவில் விரிப்பை மாற்றி, விடிந்ததும் வாளியோடு உட்கார்ந்த அனுபவம் அவர்களுக்கு இல்லை. தாங்கள் செய்யாத வேலை என்பதால் அது வேலையாகவே அவர்கள் கண்ணில் படவில்லை.

அந்தக் காலத்தில் இதைப் பற்றி யோசித்தவர் மரியன் ஒருவர் மட்டுமல்ல. ஸ்வீடனில் 1940களிலேயே காகிதத் திண்டுகளைத் துணி உறைக்குள் வைக்கும் முறை வந்திருந்தது. பிரிட்டனில் வாலரி ஹன்டர் கார்டன் என்ற இன்னொரு தாயும் அதே ஆண்டுகளில் பாராசூட் துணியை வீட்டுத் தையல் மெஷினில் தைத்து, உள்ளே தூக்கிப்போடும் திண்டு வைத்து, பாடி என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு தாய்மார்கள் இரண்டு நாடுகளில் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தேவை எவ்வளவு உண்மையானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு தாத்தா களத்தில் இறங்கினார்

கதவு திறக்கப் பத்து வருடம் ஆனது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் விக்டர் மில்ஸ் என்ற இரசாயனப் பொறியாளர் இருந்தார். பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தபோது துணி மாற்றுவதும் அலசுவதும் அவருக்குப் பிடிக்கவே இல்லை. அதிகாரி ஒருவரே அந்த வேலையைச் செய்ய நேர்ந்ததும் அது கம்பெனியின் பிரச்சினையாக மாறியது. நிறுவனம் 1957இல் ஒரு காகித ஆலையை வாங்கியிருந்ததும் வசதியாகப் போயிற்று.

முதல் சோதனை டெக்சாஸின் டல்லாஸ் நகரில், கடும் வெயிலில் நடந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். மாற்றி அமைத்து, 1959இல் 37,000 டயப்பர்களைக் கையால் செய்து நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டரில் கொடுத்துப் பார்த்தார்கள். பெற்றோருக்குப் பிடித்திருந்தது. 1961இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியாவில் பாம்பர்ஸ் என்ற பெயரில் கடைக்கு வந்தபோது ஒன்றின் விலை 10 சென்ட். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை. உற்பத்திச் செலவைக் குறைத்து 6 சென்டுக்குக் கொண்டுவந்த பிறகே விற்பனை சூடுபிடித்தது. பாம்பர்ஸில் மரியனுக்குப் பங்கில்லை. ஆனால் அது நிறைவேற்றியது அவர் கேட்டு மறுக்கப்பட்ட கனவைத்தான்.

இன்னொரு பெரிய மாற்றம் 1980களில் வந்தது. தன் எடையைப்போல் பல மடங்கு நீரை இழுத்து ஜெல்லாக மாறும் பாலிமர் தூளை டயப்பருக்குள் சேர்த்தார்கள். இவ்வகைப் பொருட்களுக்கு வழிகாட்டிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில், சோள மாவுச்சத்தை வைத்து நடந்தது. முதல் பாம்பர்ஸ் விலை போகாமல் நின்ற அதே ஊர். தூள் சேர்ந்ததும் டயப்பர் மெலிந்தது, தாங்கும் நேரம் கூடியது.

குழந்தைக்கு என்ன நன்மை?

இப்போது பூங்கா பெஞ்சுக் கேள்விக்கு வரலாம்.

முதல் நன்மை தோலுக்கு. சிறுநீரும் மலமும் கலந்து தோலில் தங்கும்போது அங்கே காரத்தன்மை கூடுகிறது. மலத்தில் உள்ள நொதிகள் வீரியமடைந்து மென்மையான தோலை அரிக்கின்றன. ஊறிய தோல் உராய்வில் சீக்கிரம் புண்ணாகும். ஜெல் உள்ள டயப்பர் ஈரத்தை உள்ளே பூட்டி, மேல்பக்கத்தை உலர்வாக வைக்கிறது. துணியோடு ஒப்பிட்டு 1980களில் நடந்த ஆய்வுகளில் தோல் தடிப்பு குறைவாக இருப்பது தெரிந்தது.

இரண்டாவது தூக்கம். நனைந்த குளிர்ச்சியில் குழந்தை விழித்து அழுவது குறைகிறது. குழந்தை தூங்கினால் தாயும் தூங்கலாம். பிரசவித்த உடம்புக்குத் தூக்கம் மருந்து மாதிரி. மறுநாள் வேலைக்குப் போக வேண்டிய அப்பாவுக்கும் சரி, பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவுக்கும் சரி, அது பெரிய உதவி.

மூன்றாவது சுத்தம். பல குழந்தைகள் சேர்ந்து தவழும் காப்பகத்திலும், நம் பொது ஹாலிலும், பயணத்திலும் மலக்கிருமிகள் கைக்கும் தரைக்கும் பரவுவது குறைகிறது. மழைக்காலத்தில் பால்கனிக் கொடியில் மூன்று நாளாகியும் காயாத துணியை அரை ஈரத்தில் கட்ட வேண்டிய நிலையும் இல்லை.

டயப்பர் இருக்கிறது என்பதற்காக நாள் முழுக்க ஒன்றையே விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். இடுப்பில் விரல் நுழையும் தளர்வு வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் எதுவும் கட்டாமல் காற்றாட விட வேண்டும். தடிப்பு இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. துணி கட்டுபவர்கள் தவறு செய்கிறார்கள் என்றும் சொல்ல வரவில்லை. பகலில் துணி, இரவிலும் வெளியே போகும்போதும் டயப்பர் என்று நம் குடியிருப்பிலேயே பலர் வைத்திருக்கிறார்கள். எது சரி என்பதை அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரே முடிவு செய்யட்டும்.

கடைசி வரை மாற்றிச் செய்தவர்

மரியன் கதையை முடித்துவிடுவோம். காகித டயப்பர் கைகூடவில்லை என்று அவர் முடங்கிவிடவில்லை. மூன்று குழந்தைகளின் தாயாக, நாற்பது வயதில் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்து 1958இல் பட்டம் வாங்கினார். வகுப்பில் பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த காலம் அது. பிற்பாடு கிரீனிச்சில் தன் வீட்டுக்குத் தானே வரைபடம் போட்டார்.

கண்டுபிடிப்புகளும் தொடர்ந்தன. முப்பது உடுப்புகளைச் சின்ன இடத்தில் அடுக்கும் மாட்டி. முதுகுப்பக்க ஜிப்பை யார் உதவியும் இல்லாமல் தானே இழுத்துக்கொள்ள ஒரு கயிறு. விரலில் சுற்றத் தேவையில்லாத பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல். எல்லாமே வீட்டுக்குள் ஒருவர் தினமும் படும் சின்னச் சின்ன அவஸ்தைகளுக்கான பதில்கள். சுமார் 20 காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. 1998ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி, 81ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். 2015இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அவையில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

நமக்கு ஒரு வேண்டுகோள்

மரியனின் வாழ்க்கையில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான். ஒரு வேலையைத் தானே செய்யாதவர்களுக்கு அதன் பாரம் தெரிவதில்லை. காகித ஆலை அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. பெஞ்சில் இருந்து தீர்ப்பு சொல்லும்போது நமக்கும் தெரிவதில்லை. அதே கேள்வியை டயப்பர் பயன்படுத்தும் வீடுகளும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கையைவிட்டுப் போன டயப்பர் அடுத்து யார் கைக்குப் போகிறது?

காலையில் குப்பையைப் பிரிக்கும் நம் துப்புரவுப் பணியாளர்களின் கைக்குத்தான். ஈரக் குப்பையோடு திறந்தபடி வரும் டயப்பரை அவர்கள்தான் தனியே எடுக்கிறார்கள். நாம் துவைக்காமல் தப்பித்த அசுத்தத்தை அவர்கள் தொடுகிறார்கள். தாயின் பாரத்தை இறக்கத்தான் டயப்பர் வந்தது. அதை இன்னொருவர் தலையில் ஏற்றினால் வந்த நோக்கமே கெட்டுவிடும்.

செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. மலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, டயப்பரை உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையால் ஒட்டுங்கள். பழைய செய்தித்தாளில் சுற்றுங்கள். மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டு, மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ஜெல் குழாயில் உப்பி அடைத்துக்கொள்ளும்; பிறகு கீழ்வீட்டுக் குளியலறையில் கழிவுநீர் பொங்கும், சுத்திகரிப்பு நிலையத்து மோட்டாரும் திணறும்.

சுற்றுச்சூழலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயப்பரில் உள்ள பிளாஸ்டிக் சீக்கிரம் மக்காது என்பது உண்மை. துணியைத் துவைக்கத் தண்ணீரும் சோப்பும் மின்சாரமும் செலவாகின்றன என்பதும் உண்மை. பிரிட்டன் சுற்றுச்சூழல் அமைப்பு 2005இல் வெளியிட்ட ஒப்பீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும், 2008இல் வெளியிட்டதில் துணியை எப்படித் துவைத்து உலர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தே பலன் என்றும் வந்தது. ஆகவே தேவைக்கு மேல் வாங்காமல், வாங்கியதை ஒழுங்காக அப்புறப்படுத்துவதே நம்மால் முடிந்த நல்ல வழி.

அடுத்த முறை மாலையில் பூங்கா பெஞ்சில் இந்தப் பேச்சு வந்தால், வீட்டுக் குளியலறைத் திரையைக் கத்தரித்த அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் வேட்டி கிழித்துப் பிள்ளை வளர்த்த கதையைச் சொல்லட்டும். அந்த உழைப்பு போற்ற வேண்டியதுதான். கேட்டு முடித்ததும் அந்த இளம் தாயிடம், ராத்திரி கொஞ்சமாவது தூங்கினாயா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.